பர்ன்லி கால்பந்துக் கழகம்

பர்ன்லி கால்பந்துக் கழகம், இங்கிலாந்தின் லங்காஷயர் பகுதியில் பெனைன் மலைத்தொடரின் மேற்குச் சரிவில் அமைந்த பர்ன்லி என்னும் பழைய நெசவாலை ஊரின் தொழில்முறை அணி. 1882-ல் தொடங்கப்பட்டது. உலகின் முதல் கால்பந்து லீகை 1888-ல் உருவாக்கிய 12 கழகங்களுள் ஒன்று. இங்கிலாந்தின் முதல்நிலைப் பட்டத்தை 1920–21, 1959–60 ஆகிய சீசன்களிலும், எஃப்.ஏ. கோப்பையை 1914-லும் வென்றது. கருஞ்சிவப்பும் வெளிர்நீலமும் அதன் நிறங்கள். டர்ஃப் மூர் அதன் மைதானம்.

ஊரின் மக்கள்தொகை எண்பதாயிரத்தை ஒட்டியது. மான்செஸ்டர், லிவர்பூல் என்ற இரு பெருநகரங்களும் ஒரு மணி நேரப் பயணத் தொலைவில் இருக்க, இத்தனை சிறிய ஊரில் ஒரு முதல்நிலை அணி நிலைத்ததை ஆட்டத் திறமையை மட்டும் வைத்து விளக்கிவிட முடியாது. ஆட்டக்காரருக்குக் கூலி தரலாமா, எவ்வளவு தரலாம், யார் மேலே போவது, யார் கீழே இறங்குவது என்ற விதிகள் மாறிய ஒவ்வொரு கட்டத்திலும் பர்ன்லி அந்த மாற்றத்தின் நடுவில் நின்றிருக்கிறது. அந்த விதிகளோடு சேர்த்துப் படிக்கும்போதுதான் இதன் ஏற்ற இறக்கங்கள் புரிகின்றன.

தொடக்கமும் லீகின் பிறப்பும்

19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பர்ன்லி நீராவித் தறிகளின் ஊர். லீட்ஸ்–லிவர்பூல் கால்வாயை ஒட்டி நெசவாலைகள், ஊரைச் சுற்றி நிலக்கரிச் சுரங்கங்கள். ஆலைத் தொழிலாளருக்குச் சனிக்கிழமை அரைநாள் ஓய்வு சட்டப்படி கிடைத்த பிறகு, லங்காஷயர் ஊர்களில் அந்தப் பிற்பகல் கால்பந்துக்கென்றே ஆகிப்போனது. பர்ன்லி ரோவர்ஸ் என்ற ரக்பி கழகம் 1882 மே மாதம் கால்பந்துக்கு மாறியது. பெயரிலிருந்த ரோவர்ஸ் விரைவில் உதிர்ந்தது. 1883 பிப்ரவரியில் டர்ஃப் மூருக்குக் குடிபெயர்ந்த கழகம் இன்றும் அங்கேயே ஆடுகிறது. ஒரே மைதானத்தில் இவ்வளவு காலம் இடைவிடாமல் ஆடிய கழகங்கள் மிகச் சில. 1886-ல் விக்டோரியா மகாராணியின் பேரன் ஆல்பர்ட் விக்டர் இங்கே ஓர் ஆட்டம் பார்க்க வந்தார். அரச குடும்பத்தினர் ஒருவர் காலடி வைத்த முதல் கால்பந்து மைதானம் இதுவே என்பார்கள்.

கழகத்தின் தொடக்க ஆண்டுகளில் கூலிக்கு ஆடுவது விதிமீறல். ஆட்டம் கனவான்களின் பொழுதுபோக்காகவே இருக்க வேண்டும் என்பது லண்டனில் இருந்த எஃப்.ஏ. என்ற கால்பந்துச் சங்க நிர்வாகத்தின் நிலை. ஆலையில் வாரம் முழுக்க நின்று உழைப்பவர் ஆட்டத்துக்காக இழக்கும் கூலியை யார் ஈடுகட்டுவது என்பது லங்காஷயரின் கேள்வி. பர்ன்லி ஸ்காட்லாந்திலிருந்து ஆட்டக்காரர்களை வரவழைத்துப் பணம் கொடுத்தது. பிரெஸ்டன் முதலிய அண்டைக் கழகங்களோடு சேர்ந்து எஃப்.ஏ.வை எதிர்த்தும் நின்றது. தனிச் சங்கம் தொடங்கிவிடுவோம் என்ற மிரட்டலுக்குப் பின் 1885-ல் கூலி ஆட்டம் சட்டபூர்வமானது. ஆனாலும் அந்த ஆண்டு கோப்பைப் போட்டியில் யார் ஆடலாம் என்பதற்குக் கடும் கட்டுப்பாடுகள் இருந்ததால், பர்ன்லி தன் முதன்மை வீரர்கள் பலரை வெளியே வைத்து ஆடி டார்வன் ஓல்டு வாண்டரர்ஸிடம் 11–0 என்று தோற்றது.

கூலி கொடுக்க வேண்டுமென்றால் நிச்சயமான வருமானம் வேண்டும். அதற்கு முன்கூட்டியே தேதி குறித்த ஆட்டங்கள் வேண்டும். லீக் பிறந்ததற்குக் காரணம் இந்தக் கணக்குதான். 1888-ல் சேர்ந்த 12 கழகங்களில் பாதி லங்காஷயரைச் சேர்ந்தவை. பர்ன்லியின் பக்கத்து ஊரான அக்ரிங்டனும் அவற்றுள் ஒன்று. அது 1893-ல் லீகை விட்டு விலகியது. பின்னர் லீகில் சேர்ந்த டார்வன் 1899-லும், நெல்சன் 1931-லும் வெளியேறின. இதே நெசவு வட்டாரத்தில் எத்தனை அணிகள் கரைந்து போயின என்பதைப் பார்த்தால், பர்ன்லி தப்பியது எவ்வளவு அரிது என்பது விளங்கும்.

கோலே இல்லாத ஓர் ஆட்டம்

1898 ஏப்ரல் மாத இறுதியில் ஸ்டோக் அணியோடு பர்ன்லி ஆடிய ஆட்டம் கால்பந்து வரலாற்றில் தனி இடம் பெற்றது. அக்காலத்தில் முதல் டிவிஷனின் கடைசி இரு அணிகளும் இரண்டாம் டிவிஷனின் முதல் இரு அணிகளும் தங்களுக்குள் மோதி, அடுத்த ஆண்டு யார் எந்த டிவிஷனில் ஆடுவது என்று தீர்மானித்தன. கடைசி ஆட்டத்தில் சமன் செய்தாலே இரு அணிகளுக்கும் முதல் டிவிஷன் உறுதி என்ற நிலை வந்தது. இரு தரப்பும் கோலை நோக்கி உதைப்பதையே தவிர்த்தன. ஆத்திரமடைந்த கூட்டம், தன் பக்கம் வந்த பந்தைத் திருப்பித் தர மறுத்தது. வேறு வேறு பந்துகளை இறக்க வேண்டியதாயிற்று. முடிவு 0–0. லீக் நிர்வாகம் அந்தத் தேர்வு ஆட்ட முறையையே கைவிட்டது. புள்ளிப் பட்டியல்படி நேரடியாக ஏறுவதும் இறங்குவதும் அதன் பின்னரே நடைமுறைக்கு வந்தன. முதல் டிவிஷனும் விரிவாக்கப்பட்டதால் அந்த ஆண்டு யாரும் இடத்தை இழக்கவில்லை.

அந்த நேரடி விதி இரண்டே ஆண்டுகளில் பர்ன்லியைத் தாக்கியது. 1900-ல் சீசனின் கடைசி ஆட்டத்தில், எதிரணியான நாட்டிங்காம் ஃபாரஸ்ட் வீரர்களுக்குப் பணம் தருவதாகச் சொல்லி விட்டுக்கொடுக்கக் கேட்டார் பர்ன்லியின் கோல்கீப்பர் ஜாக் ஹில்மன். அவர்கள் மறுத்தார்கள். பர்ன்லி 4–0 என்று தோற்றுக் கீழிறங்கியது. ஹில்மன் ஒரு சீசன் தடை செய்யப்பட்டார். ஆட்டத்தை விலைபேச முயன்றதாகப் பதிவான மிகப் பழைய வழக்குகளில் இது ஒன்று.

கோப்பையும் முதல் பட்டமும்

1910-ல் மேலாளராக வந்த ஜான் ஹாவொர்த் அணியை மீட்டெடுத்தார். பச்சைச் சட்டை போய், அப்போதைய சாம்பியனான ஆஸ்டன் வில்லாவின் கருஞ்சிவப்பும் நீலமும் வந்தது அதே ஆண்டில்தான். ஹேலி, பாயில், வாட்சன் என்ற மூவர் நடுக்களத்தைத் தாங்கினர். 1914 ஏப்ரல் 25 அன்று லண்டன் கிரிஸ்டல் பேலஸில், பர்ட் ஃப்ரீமன் அடித்த ஒரே கோலில் லிவர்பூலை வீழ்த்தி எஃப்.ஏ. கோப்பையைப் பெற்றது பர்ன்லி. ஆட்சியில் இருந்த மன்னர் ஒருவர் தம் கையால் கோப்பையை வழங்கியது அதுவே முதல் முறை: ஐந்தாம் ஜார்ஜ் தர, அணித் தலைவர் டாமி பாயில் பெற்றுக்கொண்டார். கோல்கீப்பர் ஜெர்ரி டாசன் காயத்தால் அந்த ஆட்டத்தில் இறங்கவில்லை. ஆனால் 1907 முதல் 1929 வரை 522 லீக் ஆட்டங்கள் ஆடிய அவருடைய கழகச் சாதனை நூறாண்டை நெருங்கியும் முறியடிக்கப்படவில்லை.

முதல் உலகப் போருக்குப் பிறகு 1920–21 சீசனின் முதல் மூன்று ஆட்டங்களிலும் பர்ன்லி தோற்றது. அதற்கடுத்த 30 லீக் ஆட்டங்களில் ஒன்றில்கூடத் தோற்கவில்லை. ஒரே சீசனில் இத்தனை ஆட்டங்கள் தொடர்ந்து தோல்வியின்றி ஆடிய சாதனை, 2003–04-ல் ஆர்சனல் முறியடிக்கும் வரை நிலைத்தது. பட்டம் முதல்முறையாக ஊருக்கு வந்தது. 1924-ல் ஹட்டர்ஸ்ஃபீல்டு அணியுடனான கோப்பை ஆட்டத்தைக் காண டர்ஃப் மூரில் 54,775 பேர் திரண்டனர். அது மைதானத்தின் இன்றுவரையிலான சாதனை.

பிறகு பருத்தித் தொழில் சரிந்தது. ஆலைகள் மூடப்பட, 1911-ல் ஒரு லட்சத்தைத் தாண்டியிருந்த மக்கள்தொகை குறையத் தொடங்கியது. 1925-ல் பாப் கெல்லி அன்றைய சாதனைத் தொகையான 6,550 பவுண்டுக்கு சண்டர்லாந்துக்கு விற்கப்பட்டார். 1930-ல் அணி கீழிறங்கியது. 16 வயதில் இங்கே அறிமுகமாகி, பின்னர் இங்கிலாந்தின் பெரும் முன்கள வீரரான டாமி லாட்டனும் 1936-ல் எவர்ட்டனுக்கு விற்கப்பட்டார். நல்ல வீரனை வளர்ப்பதும் நெருக்கடியில் விற்பதும் என்ற பர்ன்லியின் நெடுநாள் வாழ்க்கைமுறை இங்கேதான் உறுதிப்பட்டது.

பாப் லார்டின் காலம்

1955-ல் கழகத் தலைவரான பாப் லார்டு உள்ளூர் இறைச்சி வணிகர். எவருக்கும் வளையாத மனிதர். 1981 வரை கழகம் அவர் பிடியில் இருந்தது. அவர் காலத்தின் முதல் பெரும் சொத்து ஒரு பயிற்சித் திடல். பாடிஹாமில் காதோர்ப் ஹால் என்ற பழைய மாளிகையை ஒட்டிய நிலத்தில், மேலாளர் ஆலன் பிரவுன் வீரர்களையும் மண்வெட்டி பிடிக்க வைத்து அதை உருவாக்கினார். மைதானத்தைச் சுற்றி ஓடுவதே பயிற்சி என்றிருந்த காலத்தில், பயிற்சிக்கென்றே தனி இடம் வைத்திருந்த கழகங்கள் இங்கிலாந்தில் அரிது. வடகிழக்கின் சுரங்க ஊர்களில் கழகத்தின் ஆள்தேடுநர்கள் அலைந்து சிறுவர்களைத் தேர்ந்தெடுத்து பர்ன்லிக்கு அனுப்பினார்கள். ஆஷிங்டன் சுரங்கப் பகுதியிலிருந்து வந்த ஜிம்மி ஆடம்சன் பின்னாளில் அணித் தலைவரானார்.

1958-ல் மேலாளராக வந்த ஹாரி பாட்ஸ், 1947 கோப்பை இறுதிப் போட்டியில் சார்ல்ட்டனிடம் தோற்ற பர்ன்லி அணியில் ஆடியவர். அவர் கையில் இருந்த அணிக்குக் கழகம் மாற்றுக் கட்டணம் கொடுத்தது இருவருக்கு மட்டும்: வட அயர்லாந்தின் கிளென்டோரனிலிருந்து வந்த ஜிம்மி மக்கில்ராய், அலெக்ஸ் எல்டர். இருவருக்கும் சேர்த்து 13,000 பவுண்டு. மற்றவர்கள் எல்லோரும் கழகத்திலேயே வளர்ந்தவர்கள்.

1959–60 சீசனில் பர்ன்லி ஒரு நாளும் பட்டியலின் உச்சியில் இருந்ததில்லை. தொடர்ந்து மூன்றாம் பட்டத்தைக் குறிவைத்த வுல்வ்ஸ், மார்ச் மாதம் பர்ன்லியை 6–1 என்று நசுக்கியது. ஆனாலும் பர்ன்லி விடாமல் தொடர்ந்தது. வுல்வ்ஸ் தன் ஆட்டங்களை ஆடி முடித்த நிலையில் பர்ன்லிக்கு ஓர் ஆட்டம் மிச்சம். வுல்வ்ஸ் ஒரு புள்ளி முன்னிலை. 1960 மே 2 அன்று மான்செஸ்டர் சிட்டியின் மைதானத்தில் வென்றே ஆக வேண்டும். பிரையன் பில்கிங்டன் தொடக்கத்திலேயே கோல் அடித்தார். சிட்டி சமன் செய்தது. காயமடைந்த ஜான் கானலிக்குப் பதிலாக இறங்கியிருந்த ட்ரெவர் மெரெடித் அடித்த கோலில் 2–1. சீசன் முழுவதிலும் அந்த ஒரு மாலையில்தான் பர்ன்லி முதலிடத்துக்கு வந்தது, அந்த மாலையிலேயே சாம்பியனும் ஆனது. அப்போது ஊரின் மக்கள்தொகை சுமார் 80,000. சொந்த மைதானத்தில் சராசரிக் கூட்டம் ஏறத்தாழ 27,000. ஊரில் மூவரில் ஒருவர் மைதானத்தில் இருந்ததற்குச் சமம் அது. என் மதிப்பீட்டில், இங்கிலாந்தின் லீக் வரலாற்றில் இந்தப் பட்டத்துக்கு நிகரான சாதனைகள் ஒரு கை விரல்களுக்குள் அடங்கும்.

அடுத்த ஆண்டு ஐரோப்பியக் கோப்பையில் பிரான்ஸின் ரெய்ம்ஸ் அணியை வென்று, காலிறுதியில் ஹாம்பர்க்கிடம் 5–4 என்ற மொத்தக் கணக்கில் தோற்றது. 1961–62-ல் லீகில் இப்ஸ்விச்சுக்கு அடுத்த இடம். கோப்பை இறுதியில் டாட்டன்ஹாமிடம் தோல்வி. அந்த ஆண்டின் சிறந்த வீரராகப் பத்திரிகையாளர்கள் ஆடம்சனைத் தேர்ந்தனர். இங்கிலாந்து தேசிய அணியின் மேலாளர் பொறுப்பும் அவரைத் தேடி வந்தது. அவர் மறுத்தார், அது ஆல்ஃப் ராம்சேயிடம் போனது.

இந்த உச்சத்துக்கு அடியில் ஒரு விதி இருந்தது: ஆட்டக்காரருக்கு வாரம் 20 பவுண்டுக்கு மேல் ஊதியம் தரக்கூடாது. லண்டனிலும் பர்ன்லியிலும் உச்ச ஊதியம் ஒன்றே என்பதால், பர்ன்லியில் வளர்ந்தவர் ஊரை விட்டுப் போக அவசரப்படவில்லை. 1961 ஜனவரியில், ஜிம்மி ஹில் தலைமையிலான வீரர் சங்கத்தின் போராட்டத்துக்குப் பின் அந்த வரம்பு நீங்கியது. ஆயிரக்கணக்கில் கூட்டம் சேர்க்கும் வீரரை அற்பக் கூலிக்குக் கட்டிவைத்த விதி அது. அது போனது வீரர்களுக்குக் கிடைத்த நியாயம், அதில் ஐயமில்லை. ஆனால் அந்த நியாயத்தின் விலையைச் சிற்றூர்க் கழகங்கள் கொடுத்தன. 1963-ல் மக்கில்ராய் 25,000 பவுண்டுக்கு ஸ்டோக் அணிக்கு விற்கப்பட்டபோது பர்ன்லி கொதித்தது. வில்லி மார்கன், ரால்ஃப் கோட்ஸ் என்று அடுத்தடுத்து விற்பனைகள். 1974-ல் மார்ட்டின் டாப்சன் 3 லட்சம் பவுண்டுக்கு எவர்ட்டன் போனார். அந்த ஆண்டு முன்னாள் பிரதமர் எட்வர்டு ஹீத் திறந்துவைத்த பார்வையாளர் அரங்குக்கு பாப் லார்டின் பெயர் வைக்கப்பட்டது. டாப்சனை விற்ற பணத்தில் எழுந்தது என்று ரசிகர்களோ அதை மார்ட்டின் டாப்சன் அரங்கு என்றே அழைத்தார்கள்.

தொலைக்காட்சியையும் லார்டு எதிர்த்தார். வீட்டிலிருந்தே பார்க்க முடிந்தால் மைதானம் காலியாகும் என்று 1960-களில் ஐந்தாண்டு காலம் பி.பி.சி. கேமராக்களை டர்ஃப் மூருக்குள் விடவில்லை. தடையால் பயன் விளையவில்லை. ஆனால் தொலைக்காட்சிப் பணம் ஆட்டத்தின் சமநிலையைப் புரட்டிப்போடும் என்ற அவர் அச்சம் வீண் அச்சமாக இருக்கவில்லை.

ஓரியன்ட் ஆட்டம்

1971-ல் கீழிறங்கி, 1973-ல் ஏறி, 1976-ல் மீண்டும் இறங்கியது அணி. 1980-ல் மூன்றாம் டிவிஷன். 1985-ல் நான்காம் டிவிஷன். நாட்டின் சாம்பியனாக இருந்த கழகம் கால் நூற்றாண்டில் லீகின் அடித்தட்டுக்கு வந்துவிட்டது.

1986–87-ல் மற்றொரு விதி வந்தது. அதுவரை நான்காம் டிவிஷனின் கடைசி அணிகள் மற்றக் கழகங்களின் வாக்கைப் பெற்று லீகில் நீடிக்கலாம், பெரும்பாலும் நீடித்தன. இனிக் கடைசி அணி நேரடியாக லீகை விட்டே வெளியேற வேண்டும். 1987 மே 9, கடைசி நாள் ஆட்டத்துக்கு முன் அந்தக் கடைசி இடத்தில் இருந்தது பர்ன்லி. ஓரியன்ட் அணியை வென்றாக வேண்டும். அத்துடன் மற்ற ஆட்டங்களின் முடிவும் சாதகமாக வேண்டும். அந்தச் சீசனில் சில ஆயிரம் பேர் மட்டும் வந்துகொண்டிருந்த மைதானத்துக்கு அன்று 15,000-க்கும் மேற்பட்டோர் வந்தார்கள். ஆட்டத்தையே தாமதமாகத் தொடங்க நேர்ந்தது. நீல் கிரூகாக் ஒன்று, இயன் பிரிட்டன் ஒன்று. ஓரியன்ட் ஒன்று திருப்பியது. 2–1. ஸ்வான்சியில் தோற்ற லிங்கன் சிட்டி வெளியேறியது. வெளியேறும் ஆபத்தில் இருந்த மற்றோர் அணியான டார்க்கியின் ஆட்டத்தில் ஒரு காவல்துறை நாய் வீரர் ஒருவரைக் கடிக்க, அதனால் கூடிய நேரத்தில் விழுந்த கோல் டார்க்கி அணியைக் காப்பாற்றி லிங்கனின் விதியை முடித்தது.

அன்று பர்ன்லியின் மேலாளர் பிரையன் மில்லர், 1960 சாம்பியன் அணியில் ஆடிய உள்ளூர்க்காரர். உச்சத்தையும் அடிமட்டத்தையும் களத்திலேயே நின்று பார்த்தவர் அவர். கூட்டம் திரும்பி வந்தது: மறு ஆண்டு வெம்பிளியில் வுல்வ்ஸோடு நடந்த கீழ்நிலை அணிகளுக்கான கோப்பை இறுதிக்கு 80,000-க்கும் மேற்பட்டோர் திரண்டனர். தோல்விதான், ஆனால் கழகம் உயிரோடிருந்தது. 1992-ல் நான்காம் டிவிஷனை வென்றதன் மூலம், நான்கு டிவிஷன்களின் பட்டங்களையும் பெற்ற இரண்டாவது கழகமானது. முதலாவது அதே வுல்வ்ஸ்.

பிரீமியர் லீக்

2000-ல் இரண்டாம் நிலைக்கு ஏறிய பர்ன்லி, 2009 மே மாதம் வெம்பிளியில் வேட் எலியட்டின் கோலால் ஷெஃபீல்டு யுனைட்டெட்டை வென்று 33 ஆண்டுகளுக்குப் பிறகு, இப்போது பிரீமியர் லீக் எனப்படும் முதல்நிலைக்குத் திரும்பியது. ஆகஸ்டில் டர்ஃப் மூரின் முதல் பிரீமியர் லீக் ஆட்டத்திலேயே ராபி பிளேக் அடித்த கோலில் மான்செஸ்டர் யுனைட்டெட் வீழ்ந்தது. ஆனால் மேலாளர் ஓவன் காயில் ஜனவரியில் போல்ட்டனுக்குப் போக, சீசன் முடிவில் அணி கீழிறங்கியது.

பிரீமியர் லீகிலிருந்து இறங்கும் கழகங்களுக்கு அதன் ஒளிபரப்பு வருமானத்தில் ஒரு பங்கு சில ஆண்டுகள் வரை தொடர்ந்து கிடைக்கும். ஓராண்டு மேலே இருந்தாலே ஊரின் நுழைவுச்சீட்டு வருமானம் கனவிலும் தராத தொகை கைக்கு வரும். அந்தப் பணத்தைச் சீராகப் பயன்படுத்தியதுதான் 2012 அக்டோபரில் வந்த மேலாளர் ஷான் டைச் காலத்தின் வலிமை. 2013–14-ல் அவர் அணி மேலேறியபோது, அந்தச் சீசனில் கட்டணம் கொடுத்து வாங்கிய ஒரே வீரர் ஆஷ்லி பார்ன்ஸ். 2015-ல் இறங்கியது, 2016-ல் சாம்பியனாக ஏறியது. காதோர்ப்பில் புதிய பயிற்சி மையம் 2017-ல் திறக்கப்பட்டது. 2017–18-ல் ஏழாம் இடம் பிடித்து, அரை நூற்றாண்டுக்குப் பின் ஐரோப்பியப் போட்டிக்குத் தகுதி பெற்றது. ஊரில் ஒரு மதுக்கூடம் தன் பெயரை மாற்றி டைச் பெயரைச் சூட்டிக்கொண்டது.

2020 டிசம்பரில் அமெரிக்க முதலீட்டு நிறுவனமான ஏ.எல்.கே. கேப்பிட்டல், ஆலன் பேஸ் தலைமையில் கழகத்தின் பெரும்பங்கை வாங்கியது. அதுவரை உள்ளூர்க்காரர்கள் கையில் இருந்த கழகம் அது. வாங்குவதற்குப் பெற்ற கடனின் ஒரு பகுதி கழகத்தின் மீதே ஏறியது. பல பெரிய கழகங்களைத் திணறடித்த இந்த முறை, இவ்வளவு சிறிய ஊருக்கு நல்லதென்று சொல்ல இயலவில்லை. 2022 ஏப்ரலில் டைச் நீக்கப்பட்டார், அணி கீழிறங்கியது. புதிய மேலாளர் வின்சென்ட் கொம்பனி அடுத்த சீசனிலேயே 101 புள்ளிகளுடன் இரண்டாம் நிலைப் பட்டத்தை வென்று கொடுத்தார். 2024-ல் மறுபடி இறக்கம். 2024–25-ல் மேலாளர் ஸ்காட் பார்க்கரின் அணி 46 ஆட்டங்களில் 16 கோல் மட்டுமே விட்டுக்கொடுத்து 100 புள்ளிகள் எடுத்தது. லீட்ஸ் கோல் வித்தியாசத்தில் பட்டத்தைப் பறிக்க, இரண்டாம் இடத்துடன் மேலேறியது. நூறு புள்ளிகள் எடுத்து ஏறுவதும், மேலே தாக்குப்பிடிக்க முடியாமல் இறங்குவதும் ஒரே கழகத்துக்கு அடுத்தடுத்து நேர்வது, இரு நிலைகளுக்கும் இடையே பணம் வெட்டிய பள்ளம் எவ்வளவு ஆழம் என்பதைக் காட்டுகிறது.

மைதானமும் எதிரணியும்

டர்ஃப் மூரில் சுமார் 22,000 பேர் அமரலாம். முதல்நிலையில் ஆடும் ஆண்டுகளில் அது ஏறத்தாழ நிரம்பிவிடுகிறது. பழைய நின்று பார்க்கும் மேடைகளான லாங்சைடும் பீ ஹோல் எண்டும் 1990-களில் அகற்றப்பட்டன. ஒரு புதிய அரங்குக்கு மக்கில்ராயின் பெயர். ஒரு கோலுக்குப் பின்னால் உள்ள அரங்கின் பெயர் கிரிக்கெட் ஃபீல்டு. அதன் மறுபுறம் பர்ன்லி கிரிக்கெட் கழகத்தின் திடல். இந்திய ரசிகர்கள் நன்கறிந்த வேகப்பந்து வீச்சாளர் ஜேம்ஸ் ஆண்டர்சன் அந்தத் திடலில் வளர்ந்தவர்; பர்ன்லி கால்பந்து அணியின் ரசிகர்.

பரம எதிரி, சில மைல்கள் மேற்கே உள்ள பிளாக்பர்ன் ரோவர்ஸ். இரண்டும் 1888-ல் லீகை நிறுவிய கழகங்கள், இரண்டும் நெசவாலை ஊர்களைச் சேர்ந்தவை. இருவரின் பாதையையும் பிரித்தது பணம் வந்த வழி. உருக்கு வணிகத்தில் பெருஞ்செல்வம் சேர்த்த ஜாக் வாக்கர் தன் ஊரான பிளாக்பர்னின் அணிக்குப் பணத்தைக் கொட்ட, அது 1995-ல் பிரீமியர் லீகை வென்றது. அந்த ஆண்டு பர்ன்லி இரண்டாம் நிலையிலிருந்து மூன்றாம் நிலைக்கு இறங்கியது. 2010-ல் பிளாக்பர்ன் அணியைப் புனேயின் வெங்கீஸ் நிறுவனம் வாங்கியது. 2012-ல் அது முதல்நிலையிலிருந்து இறங்கியது. 1979-க்குப் பிறகு பிளாக்பர்னை வெல்லாமலே இருந்த பர்ன்லி, 2014 மார்ச் 9 அன்று பிளாக்பர்னின் மைதானமான ஈவுட் பார்க்கில் ஒரு கோல் பின்தங்கிய நிலையிலிருந்து எழுந்து, டேனி இங்ஸ் அடித்த கோலால் 2–1 என்று வென்றது. இரண்டு மாதத்தில் பர்ன்லி பிரீமியர் லீகுக்கு ஏறியது; பிளாக்பர்ன் இரண்டாம் நிலையிலேயே நின்றது.